பாஷாணமும் மணிச்சத்தும்



இந்த மாத அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம், மண்ணில் உள்ள சத்துக்கும் ஆர்சனிக் என்னும் விஷத்துக்கும் உள்ள தொடர்பு. நம் பெரியவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வார்களே, அது இதன் ஆக்சைடுதான்.

வங்காளத்தில் நடந்தது என்ன?

குளத்துத் தண்ணீரைக் குடித்து காலரா வருகிறது என்று மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் ஆர்சனிக் இருந்தது. 1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி.சாகா, நோயாளிகளின் உடம்பில் கரும்புள்ளியும் உள்ளங்கையில் தடிப்பும் இருப்பதைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரில் உள்ள ஆர்சனிக்தான் காரணம் என்று கண்டறிந்தார். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதே தண்ணீரைக் கோடை நெல்லுக்கும் பாய்ச்சியதால் விஷம் வயலுக்குப் போய், சோற்றுக்கும் வந்துவிட்டது.

வேருக்குள் எப்படி நுழைகிறது?

தனிம அட்டவணையில் 15-ஆம் தொகுதியைப் பாருங்கள். பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்சனிக் (அணு எண் 33). காற்றோட்டம் உள்ள மண்ணில் இது ஆர்சனேட்டாக இருக்கும். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வேருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், பாஸ்பேட்டுக்கான வாசலிலேயே ஆர்சனேட்டையும் உள்ளே விட்டுவிடுகிறது.

தண்ணீர் கட்டிய நெல் வயலில் கதை வேறு. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புத் துரு கரையும். ஆர்சனிக் ஆர்சனைட்டாக மாறி வெளியே வரும். இது சிலிக்கா போகிற வாசல் வழியாக உள்ளே போகிறது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். நெல்லுக்கு சிலிக்கா நிறைய வேண்டும். அதனால்தான் மற்ற தானியங்களைவிட நெல்லில் ஆர்சனிக் அதிகம் ஏறுகிறது.

உரம் போட்டால் கூடுமா, குறையுமா?

மோகனூர் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடும் எங்கள் அப்புச்சி என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, மணிச்சத்து அந்த வெசத்தைத் தடுக்கும்னா, டிஏபி இன்னொரு மூட்டை போட்டா நல்லதுதானே?"

நல்ல கேள்வி! ஆனால் பதில் "இல்லீங்க அப்புச்சி" என்பதுதான். நம்ம டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துருதான் சீட்டு. அதில் ஆர்சனேட் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்பேட் கூட்டமாக ஏறினால் ஆர்சனேட்டை எழுப்பிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். இறங்கிய ஆர்சனேட் மண் நீரில் கலந்து வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக, மணிச்சத்து வேர் வாசலில் விஷத்தோடு போட்டி போடுகிறது. மண்ணிலோ விஷத்தை அவிழ்த்தும் விடுகிறது. எது ஜெயிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது.

எவை உதவும்?

1. சிலிக்கா: இது நிறைய இருந்தால் ஆர்சனைட்டுக்கு வாசலில் இடம் குறையும். நெல் உமியிலேயே சிலிக்கா இருக்கிறது. உமியை மண்ணில் சேர்ப்பது பலன் தருகிறது.

2. கந்தகம்: செடி இதைக்கொண்டு செய்யும் பொருள்கள் ஆர்சனிக்கைக் கட்டி, வேரிலேயே பூட்டி வைக்கின்றன. கதிருக்குப் போவது குறைகிறது.

3. காய்ச்சலும் பாய்ச்சலும்: நம் விவசாயிகள் திருந்திய நெல் சாகுபடியில் செய்வதுதான். மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் ஆர்சனிக் மறுபடி துருவில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரொம்பக் காயவிட்டால் காட்மியம் என்ற வேறொரு நச்சு ஏறலாம்.

நம்ம பக்கம் எப்படி?

பயப்பட வேண்டாம். சேலம், நாமக்கல் பூமி வங்காளம் போல வண்டல் பூமி அல்ல, கெட்டிப் பாறைப் பூமி. நம் கிணறுகளில் தெரிந்த தொல்லை ஃபுளோரைடு. ஆனால் கோழி வளர்க்கும் ஊர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ராக்சார்சோன் என்ற ஆர்சனிக் மருந்தைக் கோழித் தீவனத்தில் பல ஆண்டுகள் கலந்தார்கள். பெரும்பகுதி எச்சத்தில் வெளியேறி, எருவாக வயலுக்குப் போனது. 2011-ல் விற்பனை நின்றது. 2013-ல் அனுமதியும் ரத்தானது. தீவனத்தில் போடுவது எருவில் வரும், எருவில் வருவது மண்ணில் சேரும். அதோடு கோழி எருவிலும் மணிச்சத்து அதிகம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் டிஏபி போட வேண்டும்.

2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் தருகிறார்கள். மணிச்சத்து, கந்தகம், இரும்பு எல்லாம் அதில் உண்டு. ஆர்சனிக் இல்லை, சிலிக்காவும் இல்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டில் மண் வள அட்டை இருந்தால் திங்கட்கிழமை எடுத்து வாருங்கள். மணிச்சத்து எவ்வளவு, வீட்டில் போடும் உரம் எவ்வளவு என்று ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.