முத்துக்குளித்துறையில் ஒரு சார்பியல் பாடம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சார்பியலுக்கு முன் நியூட்டனின் இயக்கவியலைப் பயில வேண்டுவது ஏன்?

பதில்: கொற்கைக் கடலில் முத்துக்குளிப்போர் கயிற்றில் கட்டிய கல்லின் துணையோடு விரைந்து மூழ்கியபோது, உடலை மேல்நோக்கித் தள்ளும் நீரின் மிதப்பு விசையைக் கல்லின் எடையும் உடலின் எடையும் சேர்ந்து வென்றன என்பதை, நியூட்டன் 1687-இல் வெளியிட்ட விதிகள் இன்றும் செவ்வனே விளக்குகின்றன. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர் அதன் ஓட்டத்தை எந்த இயக்கச் சோதனையாலும் உணர இயலாது என்று 1632-இல் கலிலியோ காட்டியதே இவ்வியக்கவியலில் அடங்கிய சார்பியலின் வித்து. மாணவர் பலர் தடுமாறுவது ஐன்ஸ்டைனிடம் அன்று, இக்கப்பலிலேயே எனலாம். கலிலியோவின் அக்கொள்கையோடு, ஒளியின் வேகம் அனைவருக்கும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டரே என்பதையும் 1905-இல் ஐன்ஸ்டைன் இணைத்தபோது, காலமும் நீளமும் காண்பவரின் இயக்கத்திற்கேற்ப மாறுபடுவன ஆயின. தூத்துக்குடித் துறைமுகக் கப்பல்களின் வேகத்தில் அம்மாறுபாடு மிக நுண்ணியதாதலால், அங்கு நியூட்டனின் கணக்கே போதும்.