பாலர் பள்ளியைத் தேர்ந்தெடுக்குமுன்

சிங்கப்பூரில் பிள்ளைக்கு நான்கு வயது நடக்கும்போதே பாலர் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. ஐந்து வயது நிரம்பும் ஆண்டில் முதலாம் பாலர் வகுப்பு, மறு ஆண்டு இரண்டாம் பாலர் வகுப்பு, ஏழு வயது நிரம்பும் ஆண்டில் தொடக்கப் பள்ளி என்பது இங்குள்ள முறை. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சேர்க்க விரும்புவோர் முந்திய ஆண்டிலேயே பெயர் பதிய வேண்டும். தொடக்கப் பள்ளிக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. பாலர் பள்ளி அவ்வாறு கட்டாயமன்று. ஆயினும் பிள்ளையை அனுப்பாத வீடு இன்று அரிது. ஆதலால் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி போய், எங்கே அனுப்புவது என்ற கேள்விதான் எஞ்சி நிற்கிறது.

நம் தாய்மார்களை விசாரித்தால் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். புளோக்கின் கீழேயே இருக்கிறது, கட்டணம் குறைவு, மூத்தவன் அங்கேதான் படித்தான், நாலு வயதிலேயே எழுத வைத்துவிடுகிறார்களாம். இவற்றுள் முதல் மூன்றையும் நான் குறை சொல்லமாட்டேன். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்படும் தாய்க்கு வீட்டுக்கு அருகே இருப்பது பெரிய உதவி. நான்காவதுதான் யோசிக்க வேண்டியது. எழுத வைத்ததும் எல்லாரும் கைதட்டுகிறோம் அல்லவா? பிள்ளை எதற்குக் கைதட்டு கிடைக்கிறதோ அதையே பின்தொடர்ந்து செல்லும். எனவே ஒரு பாலர் பள்ளியைப் பார்க்கப் போகும்போது, அங்கே பெரியவர்கள் எதற்குக் கைதட்டுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கைதட்டல் பள்ளியில் தொடங்குவதன்று. வீட்டில் தொட்டிலிலிருந்தே தொடங்குகிறது. பிள்ளை குப்புற விழுந்த நாள், முதல் பல் முளைத்த நாள், கைவிட்டு நடந்த நாள் ஆகிய ஒவ்வொன்றையும் நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும்; அது பிள்ளைக்கு உரம். ஆனால் கொண்டாட்டத்தோடு ஒப்பிடுதலும் சேர்ந்துவிடுகிறது. "என் பேத்தி பத்து மாதத்தில் நடந்துவிட்டாள், உன் மகன் இன்னும் தவழ்கிறானே" என்று நன்னி ஒருத்தி சொன்னால், கேட்ட தாய்க்கு அன்றிரவு தூக்கம் இராது. இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, நலமுள்ள குழந்தைகள் தாமாக நடக்கத் தொடங்கும் காலம் ஏறக்குறைய 8 மாதம் முதல் 18 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. சில குழந்தைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடுகின்றன. பத்து மாதத்துப் பேத்தியும் பதினைந்து மாதத்து மகனும் ஒரே வரம்புக்குள் இருப்பவர்களே. 18 மாதம் கடந்தும் தனியே நடக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டாரிடம் கேட்பதை விட்டுவிட்டு, சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பேச்சிலும் இதே கதை. நம் வீடுகளில் தமிழ், ஆங்கிலம், சற்று மலாய் என்று மூன்று மொழிகள் காதில் விழுகின்றன. பிள்ளை "தண்ணி" என்கிறது, "ஷூ" என்கிறது, "மக்கான்" என்கிறது. உடனே, "பல மொழியைப் போட்டுக் குழப்புகிறீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று புத்தி சொல்ல யாராவது வந்துவிடுவார். பல மொழி கேட்பதால் பேச்சு தடைப்படுவதில்லை என்பது ஆராய்ச்சிகளால் தெளிவான விஷயம். அந்தப் பிள்ளைக்கு மூன்று சொற்கள் தெரியும்; எல்லா மொழிகளையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். இதை அறியாத பெற்றோர் முதலில் கைவிடுவது தமிழைத்தான்.

நம் முன்னோர் வைத்திருந்த ஒரு வழக்கத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பிள்ளையை முதன்முதலாக ஓத வைக்கும் நாளன்று உஸ்தாதை அழைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்து, அலிஃப் என்ற முதல் எழுத்தைச் சொல்ல வைத்து, இனிப்பு வழங்குவார்கள். சில குடும்பங்களில் 4 ஆண்டு, 4 மாதம், 4 நாள் என்று கணக்கிட்டுச் செய்வதுண்டு; அந்தக் கணக்கு வழக்கமே தவிர மார்க்கம் விதித்ததன்று. இதில் என்னைக் கவர்ந்தது யாதெனில், பிள்ளை எதையும் படித்து முடிக்குமுன்பே, தொடங்கியதற்காகவே வீடு மகிழ்கிறது. ஒரே ஓர் எழுத்துக்கு இவ்வளவு இனிப்பு! இப்போதோ ஆறு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிவித்துப் பட்டமளிப்பு விழா நடத்துகிறோம். படம் பிடிக்க அழகாயிருக்கிறது, மறுக்கவில்லை. எனினும் அந்தத் தொப்பிக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையேனும் முதல் நாள் வகுப்புக்குச் செல்லும் பிள்ளையின் பயத்துக்குக் கொடுக்கலாம்.

இனி மொழி விஷயம். எல்லாப் பாலர் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை. சீனம் மட்டுமே உள்ள இடங்கள் பல. கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. நாள்தோறும் ஒரு மணி நேரம் தாய்மொழிக்கு ஒதுக்கப்படுகிறது. வகுப்பு நான்கு மணி நேரந்தான் என்றாலும், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்காகக் கட்டணத்துடன் பராமரிப்புச் சேவையும் இருக்கிறது. தமிழ் இல்லாத இடத்தில் இரண்டாண்டு இருந்த பிள்ளை தொடக்கப் பள்ளிக்குப் போகும்போது என்ன நேர்கிறது? தமிழில் ஒரு கதையும் கேட்டிராத பிள்ளை தமிழ் வகுப்பில் திணறுகிறது. "கஷ்டப்படுகிறானே, மலாய் எடுக்கட்டும்" என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். மலாய் இனிய மொழி. நம் சகோதரர்களின் மொழி. ஆலோசித்து அதைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால் நம்மில் பலர் ஆலோசித்து அந்த முடிவுக்கு வரவில்லை. நான்கு வயதில் புளோக்கின் கீழிருந்த பள்ளியில் சேர்த்தபோதே, அறியாமல் முடிவாகிவிட்டது. பிறகு ஊரிலிருந்து நன்னி வந்தால் பேரப்பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் நாம் நின்று மொழிபெயர்க்கிறோம்.

2010 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் நூற்றுக்கு 3.3 பேர். 2020-இல் அது 2.5 ஆகக் குறைந்துவிட்டது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். தமிழை யாரும் தடை செய்யவில்லை. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்தனர், கதவு சாத்தப்பட்டது. சீறாப்புராணம் பாடிய அப்புலவரின் பெயர் இப்போது தமிழ் மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது.

உங்கள் வட்டாரத்துப் பாலர் பள்ளியில் தமிழ் இல்லையென்றால் வாளாவிருக்க வேண்டாம். நிர்வாகியிடம் கேளுங்கள். ஒரு குடும்பம் கேட்டால் ஆளில்லை என்பார்கள். ஆறேழு குடும்பத்தார் சேர்ந்து போனால் பேச்சு வேறாகும். தமிழ் உண்டு என்று சொல்லும் இடத்திலும், ஆசிரியை நாள்தோறும் வருகிறாரா, வாரத்தில் ஒரு நாள் மட்டுமா என்று விசாரிக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள் சில. பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் விதிப்படி முதலாம் பாலர் வகுப்பில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இரண்டாம் வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். உணவு ஹலால்தானா, சமையல் அங்கேயா வெளியிலிருந்து வருகிறதா என்று தயங்காமல் கேட்கலாம். தொடக்கப் பள்ளி வளாகத்திலேயே உள்ள கல்வி அமைச்சுப் பாலர் பள்ளியில் படித்தால் அந்தத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டாம் 'ஏ' கட்டத்தில் பதியலாம். இடம் நிச்சயம் என்று பொருளன்று.

பார்க்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். சுவரில் தொங்கும் படங்களைக் கவனியுங்கள். இருபது மீன்களும் ஒரே வடிவில், கோட்டுக்கு வெளியே போகாமல் ஒரே நீலத்தில் இருந்தால், அங்கே கைதட்டு யாருக்கு என்பது விளங்கிவிடும். ஒரு மீனுக்கு மூன்று கண்ணிருந்து, அதன் கீழே அந்தப் பிள்ளை சொன்ன காரணத்தை ஆசிரியை எழுதி ஒட்டியிருந்தால், அந்த ஆசிரியையிடம் இன்னும் பத்து நிமிடம் பேசலாம். அழுகிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதனிடம் ஆசிரியை குனிந்து பேசுகிறாரா, நின்றபடியே அதட்டுகிறாரா என்று பாருங்கள். முடியுமானால் பள்ளி விடும் நேரம் வரை வெளியே காத்திருங்கள். வாசலுக்கு வரும் பிள்ளைகள் அன்று நடந்ததைத் தாயிடம் சொல்ல வாய் திறக்கிறார்களா, எந்த மொழியில் திறக்கிறார்கள் என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.