போதை மீட்புச் சிகிச்சை: ஐந்து ஆண்டுகளுக்குப் பின் என்ன?

"டாக்டர், இனிமேல் இவர் தொடமாட்டார் அல்லவா?" கொக்கெயின், மெத்தாம்ஃபெட்டமைன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவரைச் சிகிச்சையில் சேர்த்த குடும்பத்தினர், இரண்டாம் வாரத்திலேயே இவ்வாறு கேட்பதுண்டு. வீட்டில் பணம் காணாமற்போதல், பொய், காவல்நிலையம் ஆகியவை மீண்டும் தொடருமோ என்ற அச்சமும் அக்கேள்விக்குள் இருக்கிறது.

இதற்கு விடை காண உதவும் முக்கியமான ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது. 1990-களின் தொடக்கத்தில் பல நகரங்களின் சிகிச்சை மையங்களில் சேர்ந்த, கொக்கெயினைச் சார்ந்திருந்த 708 பேரை ஆய்வாளர்கள் ஐந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். சிகிச்சைக்குப் பிந்தைய முதலாண்டில், வாரந்தோறும் கொக்கெயின் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்; ஐந்தாம் ஆண்டில் நால்வரில் ஒருவர். சிறிது ஏற்றம் இருந்தபோதிலும், பெரும்பாலோரிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கைதுகளும் சட்டவிரோதச் செயல்களும் சிகிச்சைக்கு முந்தைய நிலையைவிடக் குறைந்தே காணப்பட்டன.

எவருக்குப் பயன் குறைந்தது? பாதிப்பு கடுமையாக இருந்தும், சிகிச்சையில் நீண்டநாள் நிலைக்காமல் விலகியவர்களுக்கு. பல சிக்கல்கள் ஒன்றுசேர்ந்தவர்களுக்கு, தங்கிப் பெறும் சிகிச்சையில் 90 நாட்களுக்குக் குறையாமல் இருப்பது நன்மை தருகிறது என்பதையும் இந்த ஆய்வுத் தொடர் உணர்த்தியது.

காலம் ஏன் தேவைப்படுகிறது?

ஊக்கப் போதைப்பொருள்கள் மூளையில் மகிழ்ச்சி, முனைப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளின் இயக்கத்தைக் குலைக்கின்றன. மெத்தாம்ஃபெட்டமைனைக் கைவிட்டு ஓராண்டுக்கும் மேலானவர்களின் மூளையை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், டோபமைன் கடத்திகள் ஓரளவு மீண்டிருந்தன; ஆனால் நினைவாற்றல், இயக்கத்திறன் ஆகியவை முழுமையாகச் சீரடையவில்லை. உடல் தேறிவிட்டது என்பதற்காக மூளையும் தேறிவிட்டதாகக் கருதலாகாது. முதல் மாதங்களில் தோன்றும் சோர்வும் எரிச்சலும் சோம்பேறித்தனம் அல்ல, நோயின் எச்சமே.

ஓபியாய்டு அடிமைத்தனத்திற்கு மெத்தடோன் போன்ற மருந்துகள் உள்ளன. ஊக்கப் போதைப்பொருள்களுக்கு அத்தகைய உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆகவே உளவியல் ஆலோசனையும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சியும், சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லாதபோது சிறு பரிசு அளித்து ஊக்குவிக்கும் முறையுமே முதன்மைச் சிகிச்சைகள். இவை அனைத்தும் மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் பலன் தரும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• "தேறிவிட்டார்" என்று இடையிலேயே வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

• வீடு திரும்பிய பின்னும் தொடர் ஆலோசனைக்கு உடன் வாருங்கள்.

• ஒருமுறை சறுக்கினால் மறைக்காமல் உடனே எங்களிடம் தெரிவியுங்கள். சறுக்கல் என்பது சிகிச்சையின் தோல்வி அன்று. சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி.

• கடனை அடைத்தும் தவறுகளை மூடியும் காப்பாற்றாதீர்கள். அதே வேளையில், பழைய குற்றங்களை நாள்தோறும் சொல்லிக்காட்டவும் வேண்டா.

• நெஞ்சுவலி, வலிப்பு, கடும் சந்தேகக் குணம், தற்கொலைப் பேச்சு ஆகியவை தென்பட்டால் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

"இனிமேல் தொடமாட்டாரா?" என்பதற்கு எந்த மருத்துவராலும் உறுதிமொழி அளிக்க இயலாது. ஆனால், சிகிச்சையில் நிலைத்திருப்பவருக்கு மீளும் வாய்ப்பு மிகுதி என்று உறுதியாகக் கூறலாம். அவரை நிலைத்திருக்கச் செய்வதில் உங்கள் பங்கு பெரிது.