கியர்ப் பெட்டிக்கு ஏற்ற எண்ணெய்

மோட்டார் வண்டியில் கியர் மாற முரண்டினால், வழுக்கல் மிகுந்த எண்ணெயே மருந்தென நாம் எண்ணுகிறோம். அது பிழை. வெவ்வேறு வேகத்திற் சுழலும் தண்டையும் பற்சக்கரத்தையும் ஒரே வேகத்திற்குக் கொணர்வது சிங்க்ரோ என்னும் வளையம். பெரும்பாலும் பித்தளையாலாய அஃது உராய்வினாலேயே தொழில் செய்கின்றது. வழுக்கினாற் பற்கள் மோதி நறநறக்கும்.

கடையில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என இருவகை எண்ணெய் உண்டு. பின்னதிற் கந்தகமும் பாஸ்வரமும் சேர்ந்த சரக்கு ஏறக்குறைய இருமடங்கு. பின் அச்சின் பற்சக்கரங்களுக்கு அது நன்று. பித்தளையையோ அரிக்கவுங் கூடும். மேலும், குளிர்காலையில் தடித்த எண்ணெய் வளையத்தின் வேலையைத் தாமதப்படுத்தும். 80 டபிள்யூவினும் 75 டபிள்யூ அப்பொழுது எளிதில் ஓடும்.

ஆதலின், பெரிய எண்ணே சிறந்ததென மயங்காது, வண்டியின் கைப்புத்தகம் விதித்ததையே வாங்குவோமாக. ஒரு புட்டியிற் செய்த பிழை பெட்டியையே கெடுத்துவிடும்.