ஜிலேபியின் வால்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய மீன் படம் கிடைத்தது. நத்தம் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாக் கூடையில் விழுந்ததாக எழுதியிருக்கிறாய். உடம்பெல்லாம் கறுப்பு, தாடைக்குக் கீழே வெள்ளை, துடுப்போரத்தில் சிவப்பு. “யூடியூபில் வருகிற பீகாக் பாஸ்தானே மாமா?” என்று கேட்கிறாய். இல்லை தாயி, நம்ம ஜிலேபிதான். முட்டைப் பருவத்து ஆண் மீன், அதனால்தான் இந்தப் பகட்டு.

ஆனாலும் நீ ஒரேயடியாகத் தவறிவிடவில்லை. இரண்டும் சிக்லிட் குடும்பம். பெரும்பாலான மீன்களுக்கு மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்கும், சிக்லிட்டுக்கு ஒன்றுதான். மீனைக் கையில் வைத்து அதன் கண்ணுக்கு முன்னால் உற்றுப் பார், தெரியும். பீகாக் பாஸ் தென்னமெரிக்க வேட்டை மீன். வாய் பெரிது, முதுகுத் துடுப்பு நடுவில் நன்றாகப் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்ததுபோல் இருக்கும், வால் அடியில் பொன்வளையம் கட்டிய கருங்கண் ஒன்று உண்டு. ஜிலேபிக்கு வாய் சிறிது, முதுகுத் துடுப்பு இடைவெளியில்லாமல் ஓடும், வாலில் கண் கிடையாது.

சரி, ஜிலேபி என்பது திலாப்பியா; அதில் எந்த ஜிலேபி? மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் மண்டபம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. நைல் திலாப்பியா வந்தது 1970-களின் பிற்பகுதியில். இப்போது பண்ணைகளில் வளர்க்கும் ‘கிஃப்ட்’ திலாப்பியாவும் நைல் வம்சம்தான். பலர் நினைப்பதுபோல் அது மரபணுவை வெட்டி ஒட்டியதல்ல. நன்றாக வளர்கிற மீன்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து உருவாக்கியது.

இரண்டையும் பிரிக்க வாலைப் பார். வால் துடுப்பை விரலால் விசிறி மாதிரி விரி. மேலிருந்து கீழாக ஒழுங்கான கறுப்புக் கோடுகள் வரிசையாக நின்றால் நைல். கோடில்லாமல் வெறுமையாக இருந்தால் மொசாம்பிக். அதில் பெண்ணின் விலாவில் மூன்று நான்கு கறுப்புத் திட்டுகள் தெரியும். கோடு பாதியில் கலைந்து அரையும் குறையுமாக இருந்தால் அடம்பிடித்துப் பெயர் வைக்காதே, கலப்பு என்று எழுதிக்கொள். இவை இரண்டும் தாராளமாகக் கலக்கும். விரல் நீளக் குஞ்சுகளை விட்டுவிடு. இரண்டுக்குமே முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், ஏமாற்றிவிடும்.

பெண் மீன் கிடைத்தால் வாய்க்குள்ளும் பார். முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பது தாய்தான். பிடிபட்ட பதற்றத்தில் சில நேரம் குஞ்சுகளை வெளியே துப்பிவிடும். இப்படிக் காப்பாற்றியே குளத்தை நிறைத்துவிடுகிறது. நெருக்கம் கூடியதும் உள்ளங்கை அளவிலேயே வளர்ச்சி நின்று, அந்த வயதிலேயே முட்டையும் வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் குளங்களில் இப்படிப் பெருகும் மொசாம்பிக் திலாப்பியா, தன் சொந்த ஊரான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில், நைல் மீனோடு கலந்து தன் இனத்தையே இழந்துகொண்டிருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

நம் சொந்தச் சிக்லிட் ஒன்றும் உண்டு, கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவது. அடித்துடுப்பின் முள்ளை எண்ணு: ஜிலேபிக்கு மூன்று, கரிமீனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று.

நிறத்தை நம்பாதே; இது பீகாக் பாஸுக்கு இன்னும் பொருந்தும். அமேசானில் ‘டெமென்சிஸ்’ என்ற வகை சாதாரண நாளில் வெண்புள்ளிகளோடு திரியும். முட்டைப் பருவம் வந்தால் புள்ளி மங்கி, பட்டை எடுப்பாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு மீன் என்றே பலர் நம்பினார்கள். குல்லாண்டர், ஃபெரைரா என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் பீகாக் பாஸில் பதினைந்து இனங்களைப் பிரித்தார்கள்; பிறகு வந்தவர்கள் அவ்வளவு இல்லை என்றார்கள். ஆய்வாளர்களுக்கே சண்டை, நீ குழம்பியதில் வெட்கமில்லை.

பனாமாவின் காட்டூன் ஏரிக்கு பீகாக் பாஸ் போய்ச் சேர்ந்தது 1967 வாக்கில், ஒரு குளத்திலிருந்து தப்பித்து. சில ஆண்டுகளில் அங்கிருந்த சிறுமீன்கள் பல காணாமல் போயின. 1973-ல் ஜாரெட்டும் பெயினும் அதை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் ‘ஒசெல்லாரிஸ்’ என்று எழுதிய அந்த மீன் ‘மோனோகுலஸ்’ என்பது பின்னர் வந்த தீர்ப்பு. ஃபுளோரிடாவிலோ 1984-ல் அரசே தெரிந்தே இந்த மீனை விட்டது, கால்வாய்களில் பெருகிய திலாப்பியாவைத் தின்னட்டும் என்று. விட்ட இரண்டு வகையில் பட்டாம்பூச்சி பீகாக் நிலைத்தது, டெமென்சிஸ் நிலைக்கவில்லை. மலேசியா, சிங்கப்பூர் நீர்நிலைகளிலும் பீகாக் பாஸ் உண்டு. அங்கே இருக்கும் நம்மவர்கள் தூண்டிலோடு போடும் படங்களில் நீ பார்த்திருப்பாய்.

தண்ணீர் பதினைந்து பதினாறு டிகிரிக்குக் கீழே போனால் பீகாக் பாஸ் செத்துவிடும். கொடைக்கானல் ஏரியில் அதற்கு வாழ்வில்லை. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் மார்கழிக் குளிர்கூட அதை ஒன்றும் செய்யாது. ஆகவே உன் தோழிகளில் யாராவது, தொட்டியில் பெரிதாகிவிட்ட வளர்ப்பு மீனைக் கோடகனாற்றிலோ ஊர்க் குளத்திலோ விடப் போவதாகச் சொன்னால் நீ தடுத்துவிடு. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்.

அடுத்த படம் எடுக்கும்போது மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, வாலையும் துடுப்புகளையும் விரித்து, அருகில் ஒரு அளவுகோல் வைத்து எடு. எந்தக் குளம், என்ன தேதி என்றும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா