முதற்றலைமுறையின் அமைப்பு

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. கணிப்பொறிக் கலையில் இதன் உண்மையை நன்கு விளக்குவது ஜெனிடிக் அல்காரிதம் எனப்படும் மரபணு நெறியாகும். இதனை அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஜான் ஹாலந்து என்பார் 1975-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஒரு வினாவுக்குரிய விடைகள் பலவற்றை ஒரு கூட்டமாக நிறுத்தி, தக்கவற்றைத் தேர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, சிறிது திரித்து, தலைமுறை தலைமுறையாகச் சிறந்த விடையை நாடுதலே இந்நெறியாம். தேர்வையும் கலப்பையும் ஆராய்வார் பலர்; முதற்கூட்டம் எங்ஙனம் பிறக்கின்றது என்று நோக்குவார் சிலரே. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, கூட்டத்தின் அளவு. ஒவ்வொரு விடையும் 0, 1 என்னும் இலக்கங்களாலாகிய 40 இடங்களையுடைய சரம் எனக் கொள்வோம். இடந்தோறும் நாணயஞ் சுண்டி நான்கே சரங்களை அமைப்போமாயின், ஓரிடத்தில் நான்கும் ஒரே இலக்கத்தைப் பெறும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆகவே, சராசரியாக 5 இடங்களில் ஓர் இலக்கம் அறவே இல்லாதொழியும். கலப்பானது உள்ளதை மாற்றி அடுக்குமேயன்றி இல்லதைப் படைக்காது. இழந்ததை மீட்கத் திரிபு ஒன்றே துணை. பத்துச் சரங்களாயின், அவ்வாய்ப்பு 512-இல் ஒன்றாகச் சுருங்கும்.

இரண்டாவது, விடையின் இயல்பு. பல நகரங்களுக்கும் ஒவ்வொருமுறை சென்று மீளும் வணிகனுக்குக் குறுகிய வழி காண்பதே வினாவாயின், நகரங்களின் வரிசையே சரமாகும். எண்களைத் தனித்தனியே குலுக்கி எடுப்பின் ஒரு நகரம் இருமுறை வரும், மற்றொன்று விடுபடும். ஆதலின், முழு வரிசையையே கலைத்தல் வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்று நகரங்களுள் ஒவ்வொன்றையும் மூன்று இடங்களுள் யாதானும் ஒன்றோடு மாற்றுக என விதிப்பின், வழிகள் 27, வரிசைகளோ 6. 27-ஐ 6 மீதியின்றி வகுக்காதாகலின், சில வரிசைகள் மிகுந்தும் சில குறைந்தும் வரும். பிஷர், யேட்ஸ் என்னும் அறிஞர் 1938-இல் காட்டிய முறையைத் தழுவி, நிலைபெற்ற இடத்தை மீளத் தொடாது எஞ்சியவற்றுள்ளேயே மாற்றின், 3×2×1 ஆக 6 வழிகளே உண்டாம். வரிசைக்கு ஒன்றாகப் பொருந்தும். இத்தகைய பிழையைக் கணிப்பொறி எடுத்துக்காட்டாது. விடை மட்டும் குன்றக்கூடும். தீங்கு மறைந்திருத்தலின், கவனமும் பெரிதாதல் வேண்டும்.

இனி, இந்நெறிக்கு மென்பொருள் நூலகம் அமைப்பார் கொள்ளவேண்டிய விதிகள் மூன்று. ஒரு விடையை ஆக்கும் செயலையும், அதனைப் பன்முறை இயற்றிக் கூட்டமாக்கும் செயலையும் பிரித்து வைக்க. பைதான் மொழியிலமைந்த டீப் என்னும் நூலகம் இவ்வாறே செய்கின்றது. தற்செயல் எண்களுக்குரிய விதை எண்ணைப் பயன்படுத்துவோரே கொடுக்குமாறு விடுக. அன்றேல் ஒரு சோதனையை மீண்டும் அவ்வாறே நடத்திக் காண்டல் இயலாது. முன்னரே அறிந்த நல்விடைகளைச் சேர்க்கவும் இடந்தருக. ஆயினும் அளவோடு சேர்க்க. கூட்டம் முழுதும் ஒன்றன் படிகளேயாயின், கலப்பினால் புதியது பிறவாது.

இத்துறையிற் புகும் மாணாக்கர், முதற்கூட்டத்தை ஒருமுறை அச்சிட்டு, இடந்தோறும் எவ்விலக்கம் எத்தனை முறை வந்துள்ளதென எண்ணிப் பார்த்தபின்னரே மேற்செல்வாராக.