குன்றுகளை அழித்த ஊர்

ஜவ்வாது மலையிலிருந்து நாவல் எழுதும் தம்பிக்கு,

வரப்போகும் காலத்தைப் பற்றி எழுதப் போகிறாய். கண்காணிப்புக் கேமராவும் பேசும் இயந்திரமும் நிறைந்த நகரத்தைக் கற்பனை செய்வதற்கு முன்னால், லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய 'தி கிவர்' நாவலை நிதானமாகப் படி. அந்த நாவலின் ஊரில் மலை கிடையாது. லாரியும் பஸ்ஸும் ஏறத் திணறுகின்றன, சரக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது என்று குன்றுகளை என்றைக்கோ சமமாக்கிவிட்டார்கள். பயிருக்கு ஆகாது என்று பனியை நிறுத்தினார்கள். நிறங்களும் போயின. பழைய நினைவுகள் எல்லாவற்றையும் ஒரே ஒரு கிழவர் தலையில் ஏற்றிவைத்துவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். அவரிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்ளப் பன்னிரண்டு வயது ஜோனஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுக்கு முதலில் கிடைப்பது பனிச்சரிவில் சறுக்குவண்டியில் இறங்கும் நினைவு. சரிவு என்ற சொல்லே அவனுக்குத் தெரியாது. மலையில் பிறந்த உனக்கு இந்த இடம் எப்படித் தைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நினைவு போனால் உணர்ச்சியும் போய்விடும். அதன் பெயர் மட்டும் வாயில் மிஞ்சும். அந்த ஊரில் தினமும் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து அன்றைய உணர்ச்சிகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கோபம், வருத்தம் என்று ஒழுங்காகச் சொல்கிறார்கள். ஆனால் ஜோனஸின் அப்பா, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி போட்டு, உடலை அட்டைப்பெட்டியில் வைத்துத் தள்ளிவிட்டு, செல்லமாகக் கையசைக்கிறார். அவர் கொடியவர் இல்லை. வீட்டில் அன்பான தகப்பன். இறப்பு என்றால் என்ன என்ற நினைவு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். இப்படிக் கொல்வதற்கு அந்த ஊர் வைத்திருக்கும் பெயர் 'விடுவிப்பு'. பக்கத்துக்குப் பக்கம் பாத்திரங்களை அழவைக்கும் எழுத்தாளர்கள் இந்தக் காட்சியைப் பலமுறை படிக்க வேண்டும். அழுகைக்குப் பின்னால் ஒரு நினைவு இல்லாவிட்டால் அதற்குக் கனமே கிடையாது.

நினைவு எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது? பெரும்பாலும் ஒரு பெயரை. நாவலில் கேலப் என்ற குழந்தை ஆற்றில் விழுந்து இறந்ததும், ஊரே கூடி அவன் பெயரைச் சொல்கிறது. குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துக்கொண்டே போய் அந்தப் பெயரைக் கரைத்துவிடுகிறது. பிறகு அதே பெயரோடு வேறொரு குழந்தை வருகிறது. இதன் எதிர்முனை உன் மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் இருக்கிறது. எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கப் போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம். பக்கத்தில் ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மன்னன் பெயரோடு ஒரு நாயின் பெயரும் ஆயிரத்து நானூறு ஆண்டு நின்றுவிட்டது! சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் மனிதர்களின் பெயர் இரண்டெழுத்தாகச் சுருங்குவதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பார்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், உன் மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையில்லை. ஆனால் கட்டை விற்றுக் கோடி பார்ப்பவனையும் கூலிக்குக் கோடாலி பிடிப்பவனையும் 'கடத்தல்காரர்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியதைக் கவனி. 'விடுவிப்பு' செய்யும் வேலையை அந்தச் சொல்லும் செய்தது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இன்று 20 என்ற எண்தான் மிச்சம், அதுவும் சிலருக்குத்தான்.

வலியை எதற்குக் கிளற வேண்டும், மறப்பதும் மருந்துதானே என்று உன்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாவலின் கிழவரே வலி தாங்காமல் துடிக்கிறவர்தான். ஆனால் பிறப்பு எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுக்க வேண்டி வந்தபோது அவரிடம்தான் போனார்கள். பசியின் நினைவு அவருக்கு இருந்ததால் வேண்டாம் என்றார். ஆக, அந்த ஊருக்கும் நினைவு தேவைப்பட்டது. சுமையை மட்டும் ஒருவர் முதுகில் வைத்தார்கள். இங்கேயும் அதேதான். காட்டிலிருந்து புருஷன் பிணமாக வந்த பெண்ணால் மறக்க முடியாது. நாம் மறந்தால் லேசாவது நம் தோள்தான், அவள் தோள் இல்லை.

மலை என்றால் கஷ்டம், நோயாளியை டோலி கட்டித் தூக்கும் கஷ்டம், அதைப் போய்ப் பாடுவதா என்ற கேள்வியும் வரும். சாலை வரட்டும், ஆஸ்பத்திரி வரட்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. மலைமேல் சாலை போடுவது வேறு, சாலைக்காக மலையே வேண்டாம் என்பது வேறு. காவலூரில் வைணு பாப்பு வானோக்ககத்தை வைத்தவர்கள் உன் மலையின் உயரத்தையும் இருட்டையும் தேடித்தான் வந்தார்கள். ஒருவருக்கு இடைஞ்சலாகப்படுவது இன்னொருவருக்கு வானத்தைத் திறந்துவிடுகிறது. உன் நாவல் இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டோலியின் மூங்கில் தோளில் பதிந்த தழும்பு அதில் இல்லாவிட்டால் மலைக்காரர்களே அதை நம்ப மாட்டார்கள்.

உன் நாவலில் மலை காணாமல் போகும் அத்தியாயம் ஒன்றை எழுதினால், அதைப் பொக்லைன் வண்டி ஏறும் நாளிலிருந்து தொடங்காதே. சாமைக் கொல்லை ஓரத்தில் நின்று, அந்தச் சரிவின் பெயரைப் பாட்டி சொல்ல, அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று பேரன் கேட்கிற நாளிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் எழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு வாசகன்